மூன்று ஹோஸ், மூன்று வேலை: பழைய வண்டியின் பவர் ஸ்டியரிங்

காலையில் வண்டியை எடுக்கப் போகும்போது அடியில் எண்ணெய்ச் சொட்டு கிடந்தால், ஒரு வெள்ளைத் தாளை அதன்மேல் ஒற்றி எடுத்துப் பாருங்கள். கறுப்பாகக் கொழகொழவென்றிருந்தால் இன்ஜின் ஆயில். பச்சையாகவோ ஆரஞ்சாகவோ தண்ணீர்போல் ஊறினால் ரேடியேட்டர் கூலன்ட். நிறமே இல்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வடிந்தது, அதற்குக் கவலை வேண்டாம். சிவப்பாகவோ, பால் ஊற்றாத டிக்காஷன் நிறத்திலோ மெல்லிசாகப் பரவி, அதுவும் முன்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் விழுந்திருந்தால், பெரும்பாலும் அது பவர் ஸ்டியரிங் ஆயில், அதாவது ஸ்டியரிங்கை லேசாகத் திருப்ப உதவுகிற ஆயில்.

பதினைந்து, இருபது வருஷம் ஓடிய வண்டியில் அந்தச் சொட்டைக் காட்டினால், பலரும் "பாக்ஸ் போயிருச்சு" (ஸ்டியரிங் திரும்புவதைச் சக்கரத்துக்குக் கடத்துகிற பெட்டி) என்பார்கள், இல்லாவிட்டால் "பம்பு போயிருச்சு" என்பார்கள். இரண்டுமே பெரிய செலவு. ஆனால் நிறைய வண்டிகளில் போயிருப்பது ஒரு ரப்பர் ஹோஸ், அல்லது அதன் முனையில் இருக்கும் ஒரு சின்ன வாஷர். எந்த ஹோஸ், அது என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் கை வைக்கும்போதுதான் அந்தச் சின்னச் செலவு வளர்ந்து பம்பு வரைக்கும் போகிறது. அதனால் கழற்றி மாட்டுவதைச் சொல்வதற்கு முன்னால், உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோட்டத்துப் பம்புசெட்டை நினைத்துக்கொள்ளுங்கள்

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கம் கிணற்றுத் தோட்டம் பார்த்தவர்களுக்குப் பவர் ஸ்டியரிங் சட்டென்று புரிந்துவிடும். கிணற்றுக்குள் இறங்குகிற சக்ஷன் பைப் ஒன்று. மோட்டாரிலிருந்து மேலே ஏறுகிற டெலிவரி பைப் ஒன்று. தொட்டியில் விழுந்த தண்ணீர் ஓடுவதற்கு ஒரு வாய்க்கால். இந்த வாய்க்காலை வயலுக்குத் திருப்பாமல், மறுபடி கிணற்றுக்கே திருப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டால், அதுதான் பவர் ஸ்டியரிங்.

கிணறு என்பது இன்ஜின் ரூமில் இருக்கும் சின்ன ஆயில் டப்பா. அதிலிருந்து பம்புக்குப் போவது சக்ஷன் ஹோஸ். பம்பைச் சுற்றுவது இன்ஜின் பெல்ட். (மதுரை மேலக்கால் ரோட்டில் கோச்சடை தாண்டும்போது பென்னர் பெல்ட் ஆலையைப் பார்த்திருப்பீர்கள், ஊரே வண்டி பெல்ட்டுக்குப் பெயர் போன ஊர்தான்.) பம்பிலிருந்து ஸ்டியரிங் பாக்ஸுக்கு ஆயிலை அழுத்தத்தோடு கொண்டுபோவது பிரஷர் ஹோஸ். பாக்ஸில் வேலை முடித்த ஆயிலை டப்பாவுக்குத் திரும்பக் கொண்டுவருவது ரிட்டர்ன் ஹோஸ். சில வண்டிகளில் ரிட்டர்ன் வழியில் ரேடியேட்டருக்கு முன்னால் வளைத்து விட்ட ஒரு இரும்புக் குழாய் இருக்கும். காற்று பட்டு ஆயில் ஆறுவதற்காக வைத்தது அது.

பாக்ஸுக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் எந்தப் பக்கம் ஆயில் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து சக்கரத்துக்கு உதவி கிடைக்கும். எந்தப் பக்கம் அனுப்புவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஸ்டியரிங் தண்டோடு ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி கோத்திருக்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்புகிறீர்கள். டயர் ரோட்டைப் பிடித்துக்கொண்டு உடனே திரும்ப மறுக்கிறது. அந்த இழுபறியில் கம்பி கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. அந்தச் சின்ன முறுக்கிலேயே ஒரு வால்வு திறந்து, ஆயில் சரியான பக்கத்துக்குப் பாய்கிறது. நேராகப் போகும்போது முறுக்கு இல்லை, வால்வு நடுவில் நிற்கும், ஆயில் தடையில்லாமல் சுற்றிவந்து டப்பாவில் விழும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரிகிறது. நான்குவழிச் சாலையில் நேராக ஓட்டும்போது பிரஷர் ஹோஸில் அழுத்தம் மிகக் குறைவு. நெருக்கடியான சந்துக்குள் வண்டியை நிறுத்தித் திருப்பும்போதும், கடைசி வரைக்கும் ஒடித்துப் பிடிக்கும்போதும்தான் அது உச்சத்துக்கு ஏறும். எத்தனை என்றால், வண்டியைப் பொறுத்து 70 முதல் 100 பார் வரை (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). கார் டயரில் நாம் அடிப்பது சுமார் 2.2 பார். இன்னும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிச் சொன்னால், நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. அந்த உயரத்துக்கு ஒரு குழாயில் தண்ணீர் நிறுத்தினால் அடியில் கிடைப்பது 5 பார்தான். அப்படிப் பதினாறு கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வருகிற 80 பார் அழுத்தத்தை, விரல் தடிமனுள்ள ஒரு ரப்பர் குழாய் உங்கள் வண்டியில் ஒவ்வொரு ரிவர்ஸுக்கும் தாங்குகிறது.

ஒடித்துப் பிடித்தபடி நிற்கும்போது "உய்ய்" என்று ஒரு சத்தம் வருமே, அது பம்பிலிருக்கும் ரிலீஃப் வால்வு திறந்து அதிகப்படி அழுத்தத்தை வெளியே விடுகிற சத்தம். அந்த நிலையில் 5 விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஆயில் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறிவிடும். ஒடித்த ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் தளர்த்தி விடும் பழக்கம் ஒன்றே ஹோஸின் ஆயுளைக் கூட்டும்.

இந்த ஆயில் உதவி காருக்கு வந்த கதையும் பழசுதான். அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே ஒரு பியர்ஸ் ஏரோ காரில் இதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்தது 1951-ல், கிரைஸ்லர் இம்பீரியலில். 1988-ல் சுசுகி செர்வோவில் மின்மோட்டார் வைத்த ஸ்டியரிங் வந்தது. இப்போதைய சின்னக் கார்களில் பெரும்பாலும் அதுதான், அவற்றில் ஹோஸே கிடையாது. இந்தக் கட்டுரை குவாலிஸ், சுமோ, டவேரா, ஆரம்பகால ஸ்கார்பியோ, முதல் தலைமுறை இன்னோவா மாதிரி ஆயில் ஸ்டியரிங் வண்டியை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்களுக்கு.

மூன்றும் ஒரே ரப்பர் இல்லை

பம்புசெட் உதாரணத்தையே தொடர்கிறேன். சக்ஷன் பைப்பில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். "மோட்டார் ஓடுது, தண்ணி எடுக்கல, ஏர் பிடிச்சிருச்சு" என்பார்கள். பவர் ஸ்டியரிங்கிலும் அப்படியேதான். சக்ஷன் ஹோஸின் கிளிப் தளர்ந்தால் கீழே ஒரு சொட்டுக்கூட இல்லாமலே பம்பு கூவும், டப்பாவில் நுரை கட்டும். பலர் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பம்பை மாற்றிவிடுகிறார்கள். இந்த ஹோஸ் அழுத்தம் தாங்க வேண்டியதில்லை. ஆனால் உறிஞ்சும்போது உள்பக்கமாகச் சப்பிக்கொள்ளாத விறைப்பு வேண்டும். பழசாகி ஊறி மெத்தென்று ஆன ஹோஸ், இன்ஜின் வேகம் ஏறும்போது உறிஞ்சு குழல்போல ஒட்டிக்கொள்ளும்.

ரிட்டர்ன் ஹோஸ் மூன்றிலும் எளிமையானது. அழுத்தம் குறைவு, கிளிப் போட்டு மாட்டலாம். ஆனால் பாக்ஸில் வேலை செய்து சூடேறிய ஆயில் அதன் வழியாகத்தான் வருகிறது. அதனால் சூட்டையும் எண்ணெயையும் தாங்குகிற ரப்பராக இருக்க வேண்டும்.

இங்கேதான் நான் அனுபவத்தில் கற்றது ஒன்று இருக்கிறது. என்னிடம் இருப்பது 2003-ம் வருஷத்து டீசல் வண்டி. மாமா ஓட்டிவிட்டு எனக்குக் கொடுத்தது. ஒரு சித்திரை மாதம் ரிட்டர்ன் ஹோஸ் கசிய ஆரம்பித்தது. அவசரத்துக்கு ஒரு பட்டறையில் விட்டேன். அங்கே கையில் கிடைத்த ரேடியேட்டர் ஹோஸ் துண்டு ஒன்றை அளவு பார்த்து வெட்டி, கிளிப் போட்டு இறுக்கிக் கொடுத்தார்கள். பார்க்கப் புதுசாக, தடிமனாக, பழசைவிட நன்றாகவே இருந்தது. மூன்று வாரம் கழித்து குடும்பத்தோடு திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை ஏறினோம். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் ஒடித்தபோது ஸ்டியரிங் திடீரென்று கல் மாதிரி ஆனது. பின்னாலேயே புகை. இறங்கி பானெட்டைத் தூக்கினால், அந்த ஹோஸ் முனை ஊறிப் பெருத்து, குழாயிலிருந்து நழுவித் தொங்கியது. கையில் எடுத்தேன். இரவெல்லாம் தண்ணீரில் கிடந்த அப்பளம்போல நைந்து, விரலால் அமுக்கிய இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது. டப்பாவில் ஆயில் இல்லை.

காரணம் ரொம்ப எளிமையானது. ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரில் செய்வது. வெந்நீருக்கும் கூலன்ட்டுக்கும் அது அருமையான ரப்பர். பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் பட்டால் உறிஞ்சி ஊதிவிடும். பவர் ஸ்டியரிங்குக்கு வேண்டியது எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் வகை ரப்பர் உள்பூச்சு. கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்புதான். அதனால் ரிட்டர்ன் ஹோஸை மீட்டர் கணக்கில் வாங்கும்போது மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) தர எண் ஜே189 என்றிருந்தால் அது பவர் ஸ்டியரிங் ரிட்டர்னுக்கென்றே செய்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் டியூபைக்கூடப் போட்டு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த வண்டியில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள்.

அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன்: ஆயில் போனாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்பு இணைப்பு அப்படியேதான் இருக்கிறது. வண்டி திரும்பும், ஆனால் இரண்டு கையாலும் முழு பலத்தோடு இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் பதறி ஸ்டியரிங்கை விட்டுவிடாமல், வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுவதுதான் செய்ய வேண்டியது. ஆயில் இல்லாமல் பம்பு ஓடினால் தேய்ந்து இறுகிவிடும். பவர் ஸ்டியரிங்குக்கென்று தனி பெல்ட் உள்ள வண்டியாக இருந்தால், இன்ஜினை அணைத்து அந்த பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு மெதுவாக வீடு வரலாம். பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் சுற்றினால் அதில் கை வைக்கக் கூடாது. வண்டியைக் கட்டி இழுத்துத்தான் வர வேண்டும்.

பலமான ஹோஸ் எப்போதும் நல்ல ஹோஸ் இல்லை

மிச்சமிருப்பது பிரஷர் ஹோஸ். மூன்றில் விலை கூடியதும், ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம் உள்ளதும் இதுதான். உள்ளே எண்ணெய் தாங்கும் ரப்பர், நடுவில் நூலோ கம்பியோ பின்னிய வலை, மேலே வெயிலும் சூடும் தாங்கும் ரப்பர் உறை, இரண்டு முனையிலும் மெஷினில் அழுத்திப் பிடித்த இரும்புக் கவசம். இந்தக் கவசம் இருக்கிற இடத்தில் சாதாரண ஓஸ் கிளிப் போட்டு ஒருபோதும் சமாளிக்க முடியாது. 80 பாருக்கு முன்னால் கிளிப்பும் நிற்காது, எம்சீலும் நிற்காது.

"அண்ணே, ஜேசிபிக்குப் போடுற ஓஸ் அடிச்சுத் தர்றேன், உங்க வண்டி ஆயுசுக்கும் தாங்கும்" என்று சொல்லுகிற கடைகள் உண்டு. குவாரி வண்டிகளும், சுற்றிலும் டிராக்டர்களும் இருக்கிற ஊரில் அந்தக் கடைகள் நல்ல வேலை செய்பவைதான். அழுத்தத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் பொய்யும் இல்லை. ஆனால் பவர் ஸ்டியரிங் பிரஷர் ஹோஸுக்கு இன்னொரு வேலை இருக்கிறது.

பம்புக்குள் இருப்பது சின்னச் சின்னத் தகடுகள். ஒவ்வொரு தகடும் ஒரு மடக்கு ஆயிலைத் தள்ளுகிறது. அதனால் ஆயில் ஒரே சீராக வராமல், நாடித் துடிப்புபோலத் துடித்துத் துடித்துத்தான் வரும். பிரஷர் ஹோஸை வேண்டுமென்றே கொஞ்சம் விரிகிற மாதிரிச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் அது மயிரிழை அளவு பெருத்துச் சுருங்கி, அந்த அதிர்வை விழுங்கிவிடுகிறது. சில வண்டிகளில் ஹோஸுக்குள்ளேயே இன்னொரு குழல் வைத்து இந்தச் சத்தத்தைக் குறைப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு அடுக்குக் கம்பி வலை போட்ட முரட்டு ஜேசிபி ஹோஸ் விரியாது. மாட்டினால் கசியாது, ஆனால் ஸ்டியரிங் கையில் நடுங்கும், பம்பு முனகும். சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸ் வரைக்குமான கணக்கில் செய்வது. சைலன்சர் மேனிஃபோல்டு (இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் சூடான குழாய்) பக்கத்தில், மதுரை வெயிலில், மலை ஏறும்போது பவர் ஸ்டியரிங் ஆயில் அந்த அளவைத் தாண்டலாம்.

பவர் ஸ்டியரிங்குக்கென்று செய்த பிரஷர் ஹோஸில் எஸ்ஏஇ ஜே188 என்று அச்சு இருக்கும். கம்பெனி ஹோஸ் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பழைய மாடலுக்குக் கிடைக்கவில்லை என்றால், பழைய ஹோஸை அப்படியே மாதிரிக்கு எடுத்துக்கொண்டு பிரஸ் போடும் கடைக்குப் போங்கள். அதன் இரும்பு முனைகளை வைத்துக்கொண்டு, நடுவில் பவர் ஸ்டியரிங் தர ரப்பரை மட்டும் மாற்றி பிரஸ் பண்ணித் தரச் சொல்லுங்கள். "பவர் ஸ்டியரிங் ஓஸ்தான் வேணும், ஹைட்ராலிக் ஓஸ் வேணாம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீளமும் முனைகள் பார்க்கிற திசையும் பழையதோடு அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஒரு முனை கால்வாசி திரும்பியிருந்தாலும் மாட்டும்போது ஹோஸ் முறுக்கிக்கொள்ளும், முறுக்கிய ஹோஸ் சீக்கிரம் வெடிக்கும்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது

இதில் அவசரப்பட்டால் எல்லாம் வீண். ஆயில் மேலே கசிந்து கீழே ஓடி, கடைசியில் பாக்ஸிலிருந்துதான் சொட்டும். அதனால்தான் பாக்ஸ் பழி சுமக்கிறது. இன்ஜின் ஆறியபிறகு, பம்பு, ஹோஸ், பாக்ஸ் எல்லாவற்றையும் டீசலும் பிரஷும் வைத்துக் கழுவித் துணியால் காயத் துடையுங்கள். சந்தேகப்படுகிற இடங்களில் முகப் பவுடரைத் தூவிவிடுங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடிக்கட்டும். அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். மேலிருந்து முதல் ஈரம் எதுவோ அதுதான் குற்றவாளி. அழுத்திப் பிடித்த கவசத்தின் விளிம்பு, வளைவின் வெளிப்பக்கம், உலோகக் கிளாம்ப் உரசுகிற இடம், இந்த மூன்றில்தான் பிரஷர் ஹோஸ் பெரும்பாலும் போகும்.

இன்ஜின் ஓடும்போது கசிவைத் தேடிக் கையால் தடவாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. ஊசித் துளையிலிருந்து அந்த அழுத்தத்தில் பீச்சும் ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே முள் குத்திய மாதிரிச் சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அவ்வளவாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். அப்படி ஆனால் மருந்து தடவிக்கொண்டு வீட்டில் இருக்காமல் அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஆயில் பீச்சி உள்ளே போனது என்று சொல்ல வேண்டும். தேட வேண்டுமென்றால் ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். இந்த ஆயில் தீப்பிடிக்கக் கூடியது என்பதையும் மறக்க வேண்டாம். சூடான மேனிஃபோல்டில் சொட்டுகிற கசிவை "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளக் கூடாது.

கழற்றுவதும் மாட்டுவதும்

முதல் நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் ஆயிலை அடித்து விடுங்கள். மறுநாள், ஹோஸ் போகும் பாதையை மொபைலில் நாலைந்து கோணத்தில் படம் எடுங்கள். எந்த கிளாம்ப்புக்கு மேலே, எந்தக் குழாய்க்குக் கீழே என்பது கழற்றியபிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. டப்பாவில் இருக்கும் ஆயிலைப் பெரிய சிரிஞ்ச் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டபிறகுதான் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் படுக்கக் கூடாது.

பிரஷர் ஹோஸின் நட்டு சின்னது, மெல்லியது. சாதாரண டபுள் என்ட் ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கிவிடும், பிறகு கட்டர்தான். குழாய் நட்டுக்கென்றே வாய் வெட்டிய ரிங் ஸ்பேனர் ஒன்று உண்டு. பிரேக் பைப் வேலை செய்பவர்களிடம் இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். பம்பு பக்கம் இன்னொரு ஸ்பேனரால் எதிர்ப்பிடி பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். கழன்றவுடன், திறந்திருக்கும் வாய் எல்லாவற்றையும் சுத்தமான பிளாஸ்டிக் கவர் கட்டி மூடிவிடுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனால் அந்த வால்வுக்குப் போதும்.

பழைய ஹோஸையும் புதுசையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முனை வகையையும் பாருங்கள். சில வண்டியில் ஓட்டை போட்ட யூனியன் போல்ட்டும் இரண்டு பக்கமும் செம்பு அல்லது அலுமினிய வாஷரும் இருக்கும். சிலவற்றில் ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம். வாஷரானாலும் ஓ ரிங்கானாலும் கண்டிப்பாகப் புதுசு போட வேண்டும். பழைய வாஷர் ஒருமுறை நசுங்கிவிட்டது, இரண்டாவது முறை அது நசுங்கி அடைக்காது. ஓ ரிங்கை மாட்டுவதற்கு முன் அதே ஆயிலில் தொட்டு மாட்டுங்கள். வெள்ளை டெஃப்லான் டேப்பை மரையில் சுற்றுகிற பழக்கம் பிளம்பிங் வேலைக்குச் சரி, இங்கே வேண்டாம். இங்கே அடைப்பது மரை இல்லை, வாஷரும் ஓ ரிங்கும்தான். அந்த டேப் பிய்ந்து ஒரு துணுக்கு வால்வில் சிக்கினால் வண்டி ஒரு பக்கம் இழுக்க ஆரம்பிக்கும்.

இரண்டு முனையையும் முதலில் விரலாலேயே நாலு சுற்றாவது ஏற்றுங்கள். விரலால் ஏறாத நட்டு ஸ்பேனரால் ஏறினால், மரை போகிறது என்று அர்த்தம். இரண்டும் ஏறியபிறகு நடுக் கிளாம்ப்பை மாட்டி, ஹோஸ் முறுக்கில்லாமல் இயல்பாகத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். கை பலத்தை முழுசாகக் காட்டினால் யூனியன் போல்ட் முறிந்துவிடும். பிறகு ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை திருப்பி, ஹோஸ் பெல்ட்டிலோ, சைலன்சர் குழாயிலோ, அசைகிற சஸ்பென்ஷன் பாகத்திலோ உரசவில்லை என்று கண்ணால் உறுதி செய்யுங்கள்.

ரிட்டர்ன் ஹோஸில் கிளிப் வைக்கும் இடம் முக்கியம். குழாயின் நுனியில் சின்னப் புடைப்பு இருக்கும். கிளிப் அந்தப் புடைப்பைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும். புடைப்பின் மேலேயே உட்கார்ந்தால் நாளாக நாளாக வழுக்கிக் கழன்றுவிடும்.

ஆயில், அப்புறம் காற்று

எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். பல பழைய வண்டிகளுக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), அதுதான் அந்தச் சிவப்பு. சில கம்பெனிகள் தங்கள் சொந்த ஆயிலைத்தான் ஊற்றச் சொல்லும். பிரேக் ஆயிலை மட்டும் தவறிக்கூட ஊற்றிவிடாதீர்கள். அதன் அடிப்படையே வேறு. சீல் எல்லாம் ஊறிப்போய் பம்பும் பாக்ஸும் சேர்ந்து போகும்.

பழைய ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால், ஆயில் சூட்டில் கெட்டிருக்கிறது; பழைய ஹோஸின் உள் ரப்பரும் துகளாக உதிர்ந்து அதில் கலந்திருக்கலாம். அப்படியானால் டப்பாவின் அடியில் இருக்கும் வலையைப் பாருங்கள். கறுப்புக் கசடு அடைத்திருக்கலாம். டப்பாவைக் கழற்றிக் கழுவுங்கள், அல்லது மாற்றுங்கள். ஹோஸ் மட்டும் புதுசு போட்டு இந்தக் கசடை விட்டுவிட்டால், புது ஹோஸும் பம்பும் அதே கசடைத்தான் குடிக்கும்.

காற்று எடுப்பதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். முன்சக்கரம் இன்னும் தூக்கினபடியே இருக்கட்டும். இன்ஜினைப் போடாமல், டப்பாவை நிரப்பிவிட்டு, ஸ்டியரிங்கை மெதுவாக இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக இருபது தடவையாவது திருப்புங்கள். இன்னொருவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி வரும், ஆயில் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடி தெரியும்படி இறங்க விட்டால் மறுபடி காற்று உள்ளே போய், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பம்புசெட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக் காற்று எடுக்கிற அதே வேலை.

குமிழி நின்றபிறகு இன்ஜினைப் போட்டு, ஐடிலிங்கில், இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். கடைசி முனையில் பிடித்து நிறுத்த வேண்டாம். ஆயில் பால் கலந்த மாதிரி வெளிறி நுரைத்தால் இன்னும் காற்று இருக்கிறது. அணைத்துவிட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். நுரை தானாக மேலே வந்து உடையும். மறுபடி திருப்புங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ஆயில் தெளிந்து, சத்தம் அடங்கும். எத்தனை தடவை செய்தும் நுரை நிற்கவில்லை என்றால், சக்ஷன் ஹோஸின் கிளிப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். நம் ஊர்ச் சாக்கடை கடைசியில் வைகைக்குத்தான் போகிறது. கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேர்த்துக் கொடுக்கிற பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

சிறுமலைக்குப் பிறகு என் வண்டியில் மூன்று ஹோஸையும் ஒன்றாகவே மாற்றினோம். ஒரே வயது, ஒரே சூடு; ஒன்று போனால் மற்றதும் போகும் தறுவாயில்தான் நிற்கும். புது ஹோஸ் போட்டு 100 கிலோமீட்டர் ஓடியபிறகு ஒருமுறை ரிட்டர்ன், சக்ஷன் கிளிப்புகளைக் கால் சுற்று இறுக்கினேன், ரப்பர் சூட்டில் உட்கார்ந்திருந்தது. டப்பாவில் குளிர்ந்தபோது பார்க்கும் கோடும் சூடானபோது பார்க்கும் கோடும் தனித்தனியாக இருக்கின்றன. காலையில் பார்த்தால் குளிர்ந்த கோட்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு வாரம் வண்டிக்கடியில் அட்டை விரித்து வைத்திருந்தேன். ஏசித் தண்ணீர் காய்ந்த வட்டம் மட்டும்தான் அதில் இருந்தது.